பாட்டியும் 'தே', மாடும் 'தே': பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ப்ரோனவுன் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

குடவாசல் டியூஷன் அக்கா கேட்டது:

வணக்கம். குடவாசல் பக்கம் ஒரு கிராமத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். 2021இல் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பித்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். அதிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணை சாயங்காலமானால் நிறைந்துவிடும். நாலாவதிலிருந்து ஏழாவது வரை படிக்கிற பிள்ளைகள், அநேகமாக எல்லோரும் அரசுப் பள்ளி. இப்போது தாளடி நடவு நடக்கிறது. அம்மாக்கள் வயலிலிருந்து வந்து அடுப்பு மூட்டுகிற வரைக்கும் பிள்ளைகள் என்னிடம்தான் இருப்பார்கள். வீட்டில் இங்கிலீஷ் காதில் விழ வழியே இல்லை.

விஷயம் இதுதான். ஹி, ஷி, இட், தே என்று அட்டவணையை எல்லோரும் தலைகீழாக ஒப்பிக்கிறார்கள். 'ரவி இஸ் எ பாய்' என்று எழுதி அடுத்து ஒரு கோடு போட்டால், உடனே 'ஹி' என்று நிரப்புகிறார்கள். சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால்தான் எல்லாம் கலைந்துபோகிறது. ஆறாவது படிக்கிற பையன் ஒருவன் பாட்டியைப் பற்றி எழுதியதை அப்படியே தருகிறேன்:

'மை பாட்டி இஸ் ஓல்டு. தே கோ டு ஃபீல்டு. தே ஹேவ் டூ கவ்ஸ். தே ஈட் ஸ்ட்ரா. தே கிவ் மில்க். தே செல் இன் டீ ஷாப்.'

வைக்கோல் தின்பது யார்? டீக்கடையில் விற்பது எதை? ஒன்றும் பிடிபடவில்லை. இதையே தமிழில் சொல்லுடா என்றேன். 'எங்க பாட்டிக்கு வயசாயிடுச்சு. வயலுக்குப் போவாங்க. ரெண்டு மாடு வச்சிருக்காங்க. வைக்கோல் திங்கும். பால் குடுக்கும். டீக்கடையில விப்பாங்க' என்று கடகடவெனச் சொல்லிவிட்டான். துளிக் குழப்பம் இல்லை.

'பாட்டி ஒருத்தர்தானே, ஷி போடு' என்றேன். பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். 'பாட்டிய அவள்னு எழுதச் சொல்றீங்களாக்கா?' என்று கேட்டான். குரலில் வருத்தம் இருந்தது. அவனை வளர்க்கிறதே அந்தப் பாட்டிதான். அந்த மரியாதையைத் தொடாமல் இங்கிலீஷைச் சரிசெய்ய வழி இருக்கிறதா?

இன்னொன்றும் இருக்கிறது. 'மை ஃபாதர் ஹி இஸ் எ டிரைவர்' என்று அப்பாவுக்கு அப்புறம் தேவையில்லாமல் ஒரு 'ஹி' சேர்க்கிறார்கள். பாதிப் பிள்ளைகளிடம் இது இருக்கிறது. விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் பலன் தெரியவில்லை. வகுப்பில் நடத்தியவர்கள் யாராவது வழி சொன்னால் நன்றாக இருக்கும்.


மன்னார்குடி ஓய்வு ஆசிரியர்:

அம்மா, வணக்கம். அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பையனின் அந்த ஆறு வரியைக் கிழித்துப்போடாமல் வையுங்கள். ஒரு மாதப் பாடம் அதற்குள் இருக்கிறது.

அவன் தமிழில் சொன்னதை மறுபடி படியுங்கள். 'அவங்க', 'அது' என்று ஒரு சொல்கூட அதில் கிடையாது. இருந்தும் எல்லாம் விளங்குகிறது. ஏனென்றால் யார் என்ற சேதியை வினைமுற்றே சொல்லிவிடுகிறது. 'போவாங்க' என்றால் பாட்டி, 'திங்கும்' என்றால் மாடு. இங்கிலீஷில் கோ, ஈட், கிவ் எல்லாம் ஊமை. கடைசியில் ஒரு 'எஸ்' சேர்ந்தால் ஒருமை என்று தெரியும், அவ்வளவுதான். ஆணா, பெண்ணா, மாடா என்பதை அந்த முன்னால் நிற்கிற சின்னச் சொல்தான் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை நம்பிப் பழக்கமே இல்லை.

அடுத்தது, நமக்குப் பால் ஐந்து: ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். இங்கிலீஷ்காரர்களுக்குப் படர்க்கையில் இருப்பது நாலே சொல். பலர்பாலும் பலவின்பாலும் ஒரே 'தே'யில் போய் விழுகின்றன. அதோடு நாம் மரியாதைக்காக ஒருத்தரையே பலர்பாலில் சொல்கிறவர்கள். பாட்டியும் 'தே', மாடும் 'தே' ஆனது இப்படித்தான். பையன் யோசிக்காமல் எழுதவில்லை. தமிழ்க் கணக்கை ஒழுங்காகப் போட்டு இங்கிலீஷில் விடை எழுதியிருக்கிறான். இதை அவனிடமே சொல்லுங்கள், தைரியம் வரும்.

இனி வழி. கொஞ்ச நாளைக்கு ப்ரோனவுனே எழுதக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். எல்லா இடத்திலும் பெயரையே எழுதட்டும்:

'மை கிராண்ட்மதர் இஸ் ஓல்டு. மை கிராண்ட்மதர் கோஸ் டு தி ஃபீல்டு. மை கிராண்ட்மதர் ஹேஸ் டூ கவ்ஸ். தி கவ்ஸ் ஈட் ஸ்ட்ரா. தி கவ்ஸ் கிவ் மில்க். மை கிராண்ட்மதர் செல்ஸ் தி மில்க் டு எ டீ ஷாப்.'

இதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது 'மை கிராண்ட்மதர்' வரும்போதே பிள்ளைகளுக்குச் சலிப்பு தட்டும். ப்ரோனவுன் எதற்காக என்பது அந்தச் சலிப்பில்தான் புரியும். அட்டவணையில் புரியாது.

கடைசி வரியில் 'தி மில்க்' தானாக வந்து உட்கார்ந்ததையும் காட்டுங்கள். 'விப்பாங்க' என்றால் எதை என்று தமிழில் முன்வரியே சொல்லிவிடும். 'செல்' அப்படி விடாது, பொருளைக் கேட்கும். 'ஐ பாட் எ பென். ஐ லாஸ்ட்' என்று நிறுத்துகிற பிள்ளைகளுக்கும் இதேதான். 'லாஸ்ட் இட்' என்று முடிக்கப் பழக்க வேண்டும்.

அப்புறம் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள்: இங்கே பெயரை எடுத்துவிட்டு 'ஷி' போட்டால் வேறு யாரையாவது நினைக்க இடம் இருக்கிறதா? இரண்டாம் வரியில் இல்லை, போடலாம். மூன்றாவதிலும் போடலாம். நாலாவதில் மாடு புதிதாக வேலைசெய்ய வருகிறது, அங்கே 'தி கவ்ஸ்' இருக்கட்டும். ஐந்தாவதில் 'தே'. ஆறாவதில் திரும்பப் பாட்டிக்கு 'ஷி', பாலுக்கு 'இட்'. மாடு 'தே', பாட்டி 'ஷி', பால் 'இட்'. மூன்றும் ஒன்றோடு ஒன்று மோதவில்லை பாருங்கள்.

போட்ட ஒவ்வொரு சொல்லிலிருந்தும் அதற்குரிய பெயர் வரைக்கும் பின்னால் ஓர் அம்பு இழுக்கச் சொல்லுங்கள். அம்பு போய் நிற்கிற பெயரைத்தான் ஆன்ட்டிசீடென்ட் என்கிறார்கள். ஆறாவது பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம், அம்பு போதும். அம்பு இரண்டு பெயருக்குப் போகலாம் என்றிருந்தால் ப்ரோனவுனை அடித்துவிட்டுப் பெயரை எழுத வேண்டும். எங்கேயும் போக இடமில்லை என்றாலும் அப்படித்தான்.

போக இடமில்லாத அம்பு நம் ஊர்க் கட்டுரைகளில் நிறைய வரும். ஜூன் 12 என்றாலே நமக்கு மேட்டூர் அணை ஞாபகம். 'மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்க' என்கிறோம். யார் திறந்தது என்று எவரும் கேட்பதில்லை. பிள்ளை அதை 'தே ஓபன்ட் மேட்டூர் டேம்' என்று கட்டுரையின் முதல் வரியாக எழுதுகிறது. படிக்கிறவர் அந்த 'தே'யை எங்கே போய்த் தேடுவார்? 'மேட்டூர் டேம் வாஸ் ஓபன்ட் ஆன் ஜூன் 12' என்று மாற்றவைத்தால், பாஸிவ் வாய்ஸ் என்று பயமுறுத்துகிற பாடமும் பாதி முடிந்துவிடும்.

பாட்டி விஷயம். 'ஷி' என்பதில் அவள், அவர், அவங்க மூன்றுமே அடக்கம் என்று வாயால் சொன்னால் பையன் நம்ப மாட்டான். காட்டுங்கள். குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவைப் பற்றி இங்கிலீஷ் பேப்பரில் வந்த செய்தி ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து, அதில் 'ஷி', 'ஹெர்' வரும் இடங்களில் கோடு போடச் சொல்லுங்கள். அப்துல் கலாமைப் பற்றிய இங்கிலீஷ் பாடம் எதை எடுத்தாலும் 'ஹி'தான். எலிசபெத் ராணிக்குச் சொன்ன 'ஹெர் மெஜஸ்டி' என்ற மரியாதையிலேயே 'ஹெர்' இருக்கிறது. ராணிக்கே அதுதான் என்றால் பாட்டிக்கு என்ன குறைச்சல் என்று அவனைக் கேளுங்கள். தமிழில் பாட்டியை எப்போதும்போல 'அவங்க' என்றே அவன் சொல்லட்டும். அதில் யாரும் கைவைக்க வேண்டாம்.

'மை ஃபாதர் ஹி'க்கு ரொம்பக் கவலைப்படாதீர்கள். 'எங்க அப்பா வந்து...' என்று இழுத்துவிட்டுப் பேசுகிறோம் இல்லையா, அந்த இழுப்பில்தான் 'ஹி' நுழைகிறது என்பது என் எண்ணம். பேச்சில் இங்கிலீஷ்காரர்களும் இப்படிச் சொல்வது உண்டு, எழுத்தில்தான் கூடாது. அம்பு பக்கத்திலேயே ஒட்டி நிற்கிற சொல்லுக்குப் போகிறதா, அப்போது அந்த 'ஹி' வேண்டாம் என்று சொன்னால் போதும்.


கும்பகோணம் வாசகி:

சார் சொன்ன அம்பு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ப்ரோனவுனே எழுதக்கூடாது என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நாலாவது படிக்கிற பிள்ளைக்கு 'கிராண்ட்மதர்' என்று ஒரு தடவை எழுதுவதே பெரும்பாடு. அதை நாலு தடவை எழுதச் சொன்னால் நோட்டை மூடிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு வாயாலேயே செய்யுங்கள் அக்கா.

என் மகள் ஐந்தாவது, இங்கிலீஷ் மீடியம். அவளுக்கு ஹி, ஷி தகராறு இல்லை. 'ஹிஸ்'தான் தகராறு. ஒரு ஒர்க்‌ஷீட்டில் 'குமார் மெட் ரவி நியர் தி பிரிட்ஜ். ஹி கேவ் ஹிம் ஹிஸ் அம்ப்ரெல்லா' என்று இருந்தது. குடை யாருடையது என்று கேள்வி. குமாருடையதாகவும் இருக்கலாம், குமார் எப்போதோ வாங்கிக்கொண்டு போன ரவியின் குடையாகவும் இருக்கலாம். இவள் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் இருந்த குடையை எடுத்து அவளிடமும் தம்பியிடமும் கொடுத்து நடிக்கச் சொன்னேன். முதலில் அவள் தன் குடையைத் தம்பிக்குக் கொடுத்தாள். அடுத்து தம்பியின் குடையை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் தமிழில் சொல்லச் சொன்னேன். 'குமார் ரவிகிட்ட தன் குடையைக் குடுத்தான்', 'குமார் ரவிகிட்ட அவன் குடையைக் குடுத்தான்'. நமக்கு 'தன்' இருப்பதால் இரண்டும் வேறு வேறு என்று உடனே தெரிந்துவிடுகிறது. இங்கிலீஷில் இரண்டுக்கும் 'ஹிஸ்'தான். குமாருடைய குடை என்றால் 'ஹிஸ் ஓன் அம்ப்ரெல்லா' என்று எழுதலாம். ரவியுடையது என்றால் 'குமார் ரிடர்ன்ட் ரவிஸ் அம்ப்ரெல்லா' என்று பெயரையே போட்டுவிடலாம். இதை அவளே கண்டுபிடித்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி.

இன்னொரு விஷயம். பிள்ளை பேசும்போது நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். 'மை கிராண்ட்மதர், தே வென்ட் டு டெம்பிள்' என்றால், 'ஓ, ஷி வென்ட் டு தி டெம்பிள்? விச் டெம்பிள்?' என்று நாம் சரியாகத் திருப்பிக் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடர வேண்டும். பேசுகிற ஆசை போய்விட்டால் அப்புறம் எதைத் திருத்துவது?


தஞ்சை தேர்வர்:

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. 'தே'யை ஒருமைக்குப் போடலாம் என்று இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு, அப்படியானால் பாட்டிக்கும் 'தே' சரிதான் என்று யாராவது சொல்வார்கள். ஒருமைக்கு 'தே' வருவது உண்மைதான். 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலீஷில் இருக்கிறது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019இல் அதைத்தான் ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ஆனால் அது ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவருக்கு, அல்லது தன்னை அப்படிச் சொல்லச் சொல்கிறவருக்கு. மரியாதைக்கு இல்லை. 'சம்ஒன் லெஃப்ட் தெயர் பேக் ஆன் தி பஸ்' என்பது சரி. பாட்டிக்கு 'ஷி'தான்.

'எவ்ரி ஸ்டூடன்ட் ஷுட் பிரிங்' என்று ஆரம்பித்து அடுத்து என்ன என்று கேட்டால், பழைய கைடுகளில் 'ஹிஸ் புக்' என்று இருக்கும், சிலவற்றில் 'ஹிஸ் ஆர் ஹெர்'. இப்போது எல்லோரும் பேசுவதும் எழுதுவதும் 'தெயர்'. கொடுத்திருக்கிற நாலு ஆப்ஷனைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. ஆறாவது ஏழாவது பிள்ளைகளிடம் இதை இப்போது இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. 'ஆல் ஸ்டூடன்ட்ஸ் ஷுட் பிரிங் தெயர் புக்ஸ்' என்று பன்மையில் எழுதப் பழக்கிவிட்டால் சண்டையே இல்லை.


மயிலாடுதுறை அப்பா:

சார், சந்தடி சாக்கில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பையன் காவேரியைப் பற்றி எழுதியிருக்கிறான். 'ஷி ஸ்டார்ட்ஸ் அட் தலைக்காவேரி' என்று ஆரம்பித்து 'இட் ஜாயின்ஸ் தி சீ அட் பூம்புகார்' என்று முடித்திருக்கிறான். காவேரி 'ஷி'யா, 'இட்'டா?


மன்னார்குடி ஓய்வு ஆசிரியர்:

இரண்டும் எழுதலாம் தம்பி. புவியியல் பாடம் என்றால் 'இட்'. தாய் என்று நினைத்து எழுதுகிற கட்டுரை என்றால் 'ஷி'. தலைக்காவேரியில் 'ஷி'யாகப் புறப்பட்டவள் பூம்புகாரில் 'இட்' ஆகக்கூடாது. எதை எடுத்தானோ அதையே கடைசி வரை பிடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். வீட்டில் வளர்க்கும் பசுவுக்கும் இதே வழக்கம்தான்.

கும்பகோணம் அம்மா சொன்னது நியாயம். நாலாவது, ஐந்தாவதுக்கு வாய்வழியே போதும். எழுதவைப்பது ஆறாவதிலிருந்து இருக்கட்டும். பேச்சை நிறுத்தித் திருத்தக்கூடாது என்பதையும் அப்படியே ஏற்கிறேன்.


குடவாசல் டியூஷன் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. பேப்பர் வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். பையன் 'ஷி' வரும் இடத்திலெல்லாம் கோடு போட்டான். 'பிரசிடென்ட்டையே இப்படித்தான் எழுதுவாங்களா?' என்று இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டான். அப்புறம் பாட்டி கட்டுரையை அவனே திருத்தினான். 'ஷி செல்ஸ் இட் டு எ டீ ஷாப்' என்று எழுதிவிட்டு, 'இட்'டிலிருந்து 'மில்க்' வரைக்கும் சிவப்புப் பேனாவில் நீளமாக ஓர் அம்பு. பெரிய பிள்ளைகள் இப்போது ஒருவர் நோட்டை ஒருவர் வாங்கி அம்பு இழுத்துப் பார்க்கிறார்கள். அம்பு இரண்டு பக்கம் போனால் எழுதியவரையே கூப்பிட்டு யார் என்று கேட்கிறார்கள். நான் சிவப்பு மை வைப்பதைவிட அவர்கள் கேட்பதற்குத்தான் மதிப்பு அதிகம் இருக்கிறது.

குடையை வைத்து நடிப்பது நாலாவது பிள்ளைகளுக்கு நன்றாகப் போகிறது. எங்களிடம் குடை கைக்கு எட்டின தூரத்திலேயே இருக்கிறது, ஐப்பசி மழை விடாமல் கொட்டுகிறது. அந்த மழையால் புதிதாக ஒரு கேள்வி வந்திருக்கிறது. ஏழாவது படிக்கிற பெண் 'இட் இஸ் ரெய்னிங்' என்று எழுதிவிட்டு, அம்பு எங்கே போகும் என்று தேடியிருக்கிறாள். முன்னால் ஒரு வரியும் இல்லை, மழை என்ற பெயரும் இல்லை. 'அம்பு போக இடமில்லன்னா பெயரை எழுதணும்னு சொன்னீங்களே அக்கா, அப்ப ரெய்ன் இஸ் ரெய்னிங்கா?' என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது சார்?


மன்னார்குடி ஓய்வு ஆசிரியர்:

அந்தப் பெண் நன்றாகப் படிப்பாள் அம்மா, அவளைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

'கம் ஹியர்' போன்ற கட்டளையை விட்டால், இங்கிலீஷ் வாக்கியம் எழுவாய் இல்லாமல் நிற்காது. மழை பெய்கிறது என்று நமக்கு எழுவாய் இருக்கிறது. அவர்களுக்கு மழையே வினையாகிவிட்டது, எழுவாய் இடம் காலி. அந்த இடத்தை நிரப்ப ஒரு 'இட்' போடுகிறார்கள். அது யாரையும் குறிக்காது, அம்பும் கிடையாது. அவள் தேடியும் கிடைக்காததற்குக் காரணம் அதுதான், அவள் தேடியது சரி.

பிள்ளைகள் மட்டத்தில் இது பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் வரும். வானிலை: 'இட் இஸ் ரெய்னிங்', 'இட் இஸ் ஹாட்'. நேரம்: 'இட் இஸ் சிக்ஸ் ஓ கிளாக்', 'இட் இஸ் சண்டே'. தூரம்: 'இட் இஸ் ஃபார் ஃப்ரம் ஹியர்'. இந்த மூன்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, மேலே 'அம்பு இல்லாத இட்' என்று தலைப்புப் போடச் சொல்லுங்கள். புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் அவர்களே அதில் சேர்த்துக்கொள்ளட்டும்.

'தேர் இஸ்', 'தேர் ஆர்' இரண்டையும் இதோடு சேர்த்து ஆரம்பிக்க வேண்டாம். சம்பா அறுவடையெல்லாம் ஓய்ந்து, பிள்ளைகள் திரும்ப ஒழுங்காக வர ஆரம்பித்ததும் அதை எடுக்கலாம்.